புகை தின்னும் கல்

முதல் அறை இடது காதில் விழுந்தது. காதுக்குள் கிளம்பிய கீச்சுச் சத்தம் அடங்குவதற்குள் இரண்டாவது வந்தது. அது வாயில். கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. காலை பதினோரு மணி. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தில் ஒரு பழைய வீடு, அதன் கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்ட சமையற்கூடம். ஸ்பேனர் பையோடு நான் உள்ளே நுழைந்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடித்தவர் அந்தச் சமையற்கூடத்தின் சொந்தக்காரர். கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். சாம்பார் அண்டாவைக் காதைப் பிடித்து ஒற்றை ஆளாக இறக்குகிற கை. அந்தக் கையின் கனம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"திருட்டுப் பயலே, உள்ளே இருந்ததை எங்கேடா கொண்டுபோய் வித்தே?"

எனக்கு எதுவும் புரியவில்லை. புகை மறுபடி வருகிறது, வந்து பார் என்று பட்டறைக்கு ஃபோன் வந்தது. மாற்றுவதற்குப் புதுக் கல்லையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறை. விறகடுப்புகளுக்குப் புகைப்பெட்டி செய்து மாட்டுகிறோம். விறகடுப்புச் சமையல் என்றால் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இப்போது தனி மோகம். ருசி மண்டபத்துக்குப் போகும், புகை பக்கத்து வீட்டுக்குப் போகும். அதைத் தடுக்கப் புகைபோக்கியின் நடுவில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்து அதற்குள் ஒரு கல்லைச் செருகுவோம். செங்கல் அளவில் பீங்கான் கல். உடம்பு முழுக்கத் தேன்கூடு மாதிரி துளைகள். துளைகளின் உட்சுவரில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பிளாட்டினம் வகை உலோகம் பூசியிருக்கும். பெட்டி நன்றாகச் சூடேறியதும், தன் வழியாகப் போகிற புகையை அந்தக் கல்லே எரித்துத் தின்றுவிடும். படிப்பில் இதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. பட்டறையில் தேன்கூடு என்போம்.

இதே அடுப்புக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் நான்தான் தேன்கூடு மாட்டினேன். புகை நின்றது. மாமா அன்றைக்குக் கேசரியும் போண்டாவும் கொடுத்தார். இன்றைக்கு இது.

"ஃபோன்ல பார்த்துட்டேன்டா எல்லாத்தையும். அதுக்குள்ளே பிளாட்டினம் இருக்காம். மாட்டறச்சே நல்லதைக் காட்டிட்டு, டம்மியைச் செருகிட்டுப் போயிட்டே. அஞ்சு வருஷம் வரும்னியே, மூணு மாசத்துல எப்படிடா செத்துப் போச்சு?"

"மாமா, உங்க எதிர்லதானே புதுக் கல்லைப் பிரிச்சு மாட்டுனேன்…"

"எதிர்த்துப் பேசறியா? எந்தப் பேட்டைடா நீ?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். எங்கள் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா தி. நகரில் ஒரு கட்டடத்தில் கல் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனது. ஆற்றங்கரைக்காரன் இவன்தான் என்று அப்பாவை லிஃப்ட் குழிக்குப் பக்கத்துத் தூணில் கட்டி அடித்தார்கள். மறுநாள் கம்பி சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து கிடைத்தது. அப்பாவின் வலது முழங்கால் இன்றுவரை மடங்காது. "நீ படிச்சிரு நைனா. படிச்சவன் மேல எவனும் கை வெக்க மாட்டான்" என்பார். எனக்கு டிப்ளமா சர்டிபிகேட் வந்த அன்றைக்கு அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அந்தச் சாவிதான் நினைவுக்கு வந்தது. உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதோ பாரு. நாளைக்குக் காலம்பற மாநகராட்சிலேர்ந்து பார்க்க வரா. மேலாத்துக்காரன் எழுதிப் போட்டிருக்கான். புகை வந்தா என் கூடத்துக்குப் பூட்டு. என்கிட்ட பதினாறு பேர் சாப்பிடறா. இப்போ மாத்து. புகை நின்னா நீ ஆத்துக்குப் போ. நிக்கலேன்னா ஸ்டேஷனுக்குப் போ. திருட்டுக் கேஸ்." மாமா திரும்பி, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்த ஆளிடம், "கேட்டைப் பூட்டுடா" என்றார்.

வாணலிக்காரர் என்றே அவருக்குப் பேர். கொல்லை கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். என் தோளைத் தட்டினார். "சீக்கிரம் மாத்து மச்சி. நம்மளுக்கும் கை ஊறிக்கினு கீது."

சாயங்கால ரிசப்ஷனுக்கு உலை வைக்க வேண்டும் என்பதால் அடுப்பை ஆறவிட முடியாது என்றார் மாமா. கெஞ்சி அரை மணி நேரம் வாங்கினேன். எரிகிற சவுக்குக் கட்டைகளை இழுத்துப் போட்டார்கள். பெட்டி ஆறவில்லை. மூன்று மாதச் சூட்டில் நட்டுகள் போல்ட்டோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன், குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. ஸ்பேனரைப் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். ஒன்று அசைந்தது, இரண்டு அசைந்தது, மூன்றாவது தலையோடு முறிந்து பறந்து தகரத்தில் மோதியது. நாலாவதுக்கு உளி. உளி வழுக்கி இடதுகை மணிக்கட்டு பெட்டி மேல் பட்டது. சுட்ட தோல் சுருங்கியதைப் பார்த்தேன். கையை உதறக்கூட நேரமில்லை. ஒவ்வொரு அடியையும் யார் மேலேயோ அடிப்பது போலத்தான் அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன், மாமாவின் முகத்தை நினைத்துத்தான் அடித்தேன்.

கல் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிடுங்கியபோது மூலை உடைந்தது. அடுப்பைப் பார்த்திருந்த முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. துளைகள் பாதி அடைந்து கிடந்தன. சாம்பல் என்று நினைத்து ஊதினேன். தூள் பறந்து உதட்டில் ஒட்டியது. உப்புக் கரித்தது. ரத்தம் என்று நினைத்துத் துப்பிவிட்டேன்.

அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். படித்தவன் யோசித்திருக்க வேண்டும். பின்னால் அண்டா கிளறும் துடுப்பால் தரையைத் தட்டிக்கொண்டு வாணலிக்காரர் நின்றிருந்தார். பழைய கல்லை விறகுக் குவியல் பக்கம் வீசிவிட்டு, புதுக் கல்லைச் சுற்றிப் பட்டை போட்டு, பெட்டிக்குள் செருகினேன். முறிந்த போல்ட்டுக்குப் பதில் வேறு போல்ட் போட்டு இறுக்கினேன்.

"பத்த வெக்கலாம் மாமா. ஆனா பெட்டி சூடு ஏறுற வரைக்கும் பக்கத்து மடலைத் தொறந்து, புகையைக் கல்லைச் சுத்தி வெளிய விட்டுத்தான் ஆவணும். அதுவரைக்கும் புகை வரும். சூட்டைக் காட்டுற இந்த முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டினதும் மூடுவேன். அப்புறம் வராது."

"வந்தா?"

நான் மடலைத் திறந்துவிட்டு விலகி நின்றேன்.

பற்றவைத்தார்கள். புகைபோக்கியிலிருந்து கரும்புகை கிளம்பி, காற்று கடல் பக்கமிருந்து வீசியதால் நேராகப் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனது. அடுத்த நிமிஷம் தகரக் கூரை மேல் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வாணலிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "பூந்தொட்டி. நேத்து அம்மிக் குழவி."

மேல் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவர். அவர் மனைவிக்கு மூச்சு நோய், மெஷின் வைத்து மூச்சு விடுகிறவர். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியது சந்து முழுக்கக் கேட்டது.

"கொலைகாரப் பாவி! என் ஆம்படையா மூச்சு நின்னாத்தான் உன் அடுப்பு நிக்குமா? நன்னா இருப்பியாடா நீ?"

மாமா கரண்டியோடு வெளியே பாய்ந்தார். "உன் கண்ணுதான்யா என் அடுப்பைக் கொல்றது! கொள்ளிக்கண்ணு! நீ எட்டிப் பார்க்க ஆரம்பிச்ச நாளா என் கூடத்துல ஒண்ணு உருப்படலை!"

"கீழே வந்தேன்னா உன் காலை ஒடிப்பேன்!"

"வாய்யா! வா! படியிலேயே உருட்டி விடறேன்!"

இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இன்னொரு தொட்டி வந்து விழுந்தது. மண்ணும் குரோட்டன்ஸும் சிதறின. வாணலிக்காரர் என் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை மேலே திருப்பினார். "பாரு. நல்லா பாரு. இதுக்குப் பேர் இன்னா? பன்னீரா?"

"முள்ளு இன்னும் ஏறலண்ணே."

"உனுக்கு ஏத்தறேன்."

விரல்கள் கழுத்தில் இறுகின. என் கண் முள்ளின் மேலேயே இருந்தது. அது நகர்வதாகத் தெரியவில்லை. புதுக் கல்லும் செத்த கல்லாக இருந்துவிட்டால்? ஸ்டேஷனில் என்னை உட்காரவைப்பதும், அப்பா மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்து நிற்பதும் மனசில் ஓடின. அவர் வந்தால் என்ன சொல்வார்கள்? அப்பன் கம்பி, மகன் பிளாட்டினம் என்பார்கள்.

முள் கோட்டைத் தொட்டது. தாண்டியது. கழுத்தில் இருந்த கையோடேயே எம்பி மடலை அடித்து மூடினேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கரும்புகை சாம்பல் நிறமானது, மெலிந்தது, நூலானது, அற்றது. புகைபோக்கி வாய்க்கு மேலே கானல் மட்டும் ஆடியது. ஜன்னலில் இருந்த மேல் வீட்டுக்காரர் கத்துவதைப் பாதியில் நிறுத்தினார். கழுத்திலிருந்து கை விலகியது.

"நின்னுடுத்து" என்றார் மாமா. முகம் அப்படியே இளகிவிட்டது. ஒரு நொடியில் மூன்று மாதம் முன்னால் கேசரி கொடுத்த ஆளாகிவிட்டார். "கேட்டைத் திறந்துவிடுடா."

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மாமா அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தார். கை நிறையக் கல்லுப்பும் ஏழெட்டுக் காய்ந்த மிளகாயும் அள்ளினார். மேல் ஜன்னலைப் பார்த்தபடியே அடுப்பைச் சுற்றி மூன்று முறை கையை ஆட்டினார். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, அந்த மேலாத்துக் கொள்ளிக்கண்ணு…" என்று முணுமுணுத்து, அத்தனையையும் தீக்குள் வீசினார். படபடவென்று உப்பு வெடித்தது. மிளகாய் நெடி கொஞ்சம்கூட ஏறவில்லை. கல்தான் புகையைத் தின்றுகொண்டிருந்ததே.

என் நாக்கில் உப்பு கரித்தது மறுபடி ஞாபகம் வந்தது.

"மாமா, இது தினமும் போடுவீங்களா?"

"மூணு வேளை. ஒவ்வொரு உலைக்கும். மூணு மாசமா இதுதான் எங்களைக் காப்பாத்திண்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது பிடி அள்ளினார்.

வர்ணம் அடித்த கட்டையைப் போடக்கூடாது, பிளாஸ்டிக்கைப் போடக்கூடாது என்று இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தை மூன்று மாதத்துக்கு முன்னால் நான்தான் அந்தச் சுவரில் ஒட்டினேன். கடல் தண்ணீரில் கிடந்த கட்டை கூடாது, உப்பு ஆகாது என்றும் அதில் கடைசி வரியாக இருந்தது. இவர்கள் எங்கே கடல் கட்டையை எரிக்கப்போகிறார்கள் என்று அந்த வரியை மட்டும் நான் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில்தான் போடுவாள். பரீட்சை நாட்களில் அந்த நெடியில் இருமிக்கொண்டேதான் இந்தப் படிப்பையே படித்தேன். ஆனாலும் தோன்றவில்லை.

இரண்டாவது பிடியோடு மாமாவின் கை அடுப்பு வாயை நோக்கிப் போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

சொல்லியிருக்கலாம். வாயால் சொல்லியிருக்கலாம். பிடித்துவிட்டேன்.

"என்னையே தொடறியாடா?" மாமாவின் இன்னொரு கை வந்தது. இந்தத் தடவை வலது காது. மூன்றாவது அறை. அதற்குப் பிறகு நான் படித்தவனாக இல்லை. பிடித்த கையை விடாமல் முறுக்கி, என் முழு எடையோடு அவரைத் தள்ளினேன். எங்கே தள்ளுகிறேன் என்று பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய முன்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அடுப்பின் இரும்புத் தகட்டில் பதிந்தது. அப்பளம் எண்ணெயில் விழுகிற சத்தம். அவர் "அம்மா" என்றார். சின்னக் குழந்தை சொல்கிற மாதிரி ஒரே ஒரு தடவை.

பிறகு துடுப்பு என் முதுகில் விழுந்தது. கீழே விழுந்த பின் விலாவில் கால். வாணலிக்காரரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பல் நாக்கின் மேல் தனியாகக் கிடந்ததை உணர்ந்தேன். மேல் ஜன்னலிலிருந்து, "ஐயோ, பையனைக் கொல்றாடா! யாராவது வாங்கோளேன்!" என்று மேல் வீட்டுக்காரர்தான் கத்தினார். தொட்டி போட்ட மனுஷன்.

"உப்பு" என்றேன். "உப்பு மாமா. அந்தக் கல்லுல உப்பு. நாக்குல வெச்சுப் பாருங்க."

"நிறுத்துங்கோடா" என்று மாமாவின் குரல் கேட்டது.

தண்ணீர்த் தவலையில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து விறகுக் குவியல் பக்கம் போனார். செத்த கல்லை எடுத்தார். என் கை பட்ட பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லைத் தரையில் மோதி இரண்டாக உடைத்தார். யார் கையும் படாத உள்பக்கத்தில், வெள்ளை படிந்த ஓரமாகப் பார்த்து, நாக்கு நுனியை வைத்தார்.

துப்பவில்லை. நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க உப்புப் பார்த்துச் சொன்ன நாக்கு.

"கல்லுப்பு" என்றார்.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது.

"இப்போ ஒரு பிடி போட்டேனே, அதுல இதுவும் போயிடுமா?"

"ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாது. தெனமும் போட்டாதான்."

மாமா தலையாட்டினார். கை தோலுரிந்து தொங்குகிறது, எதிரே ஒருத்தன் வாயெல்லாம் ரத்தமாகக் கிடக்கிறான். அவர் கேட்டது இது: "அப்போ கண்ணுக்கு என்னடா பண்றது?"

உண்மையாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா குத்தியது. "பூசணிக்காய் ஒடைங்க மாமா. வாசல்ல. அடுப்புல வேணாம்."

கேட் திறந்தது. நான் போனேன். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஏணி சறுக்கிவிட்டது என்றேன். தாடையைப் பிடித்துத் திருப்பி என் கன்னத்தைப் பார்த்தார். 

"ஏணிக்கு அஞ்சு விரல் இன்னாத்துக்குடா?"

சொன்னேன். திருட்டுப் பட்டம் கட்டியதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "நீ திருப்பி அடிச்சியா?" என்றார்.

"அவரு கை வெந்துபோச்சுப்பா. என்னாலதான்."

சபாஷ் என்பார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போல. அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்து என்னை உள்ளே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, சர்டிபிகேட்டை எடுத்தார். பிளாஸ்டிக் கவரோடு மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னாப்பா பண்றே?"

"போலீஸ் வந்தா காட்டணும்ல. காட்டுனா உன்னைக் கட்டி வெச்சு அடிக்க மாட்டான்."

மூன்று நாள் வேலைக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கவரைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொள்வார். யாரும் வரவில்லை.

மறுவாரம் அந்தப் புதுக் கல்லைச் சோதிக்க வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பட்டுமா என்று பட்டறை ஓனர் கேட்டார். நானே போகிறேன் என்றேன். வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமத்தோடு சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. "வழுக்கி விழுந்து மண்டை உடையட்டும்னா போடறேள்?" என்று மேல் ஜன்னலிலிருந்து குரல். இப்போது அதற்குச் சண்டை.

மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், கூடத்துக்குப் பூட்டு விழவில்லை. மாமாவின் கையில் வெள்ளைத் துணிக் கட்டு. முள், மடல், கல் எல்லாம் சரியாக இருந்தன. நான் கிளம்பவில்லை.

"மாமா, இவங்க எதிர்ல சொல்லுங்க. நான் திருடலன்னு."

வாணலிக்காரர் எண்ணெயைக் கிளறுவதை நிறுத்தினார். மாமா ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். இடதுகையால், பழக்கமில்லாமல். கொதி வந்ததும் கரண்டியை எடுத்து வைத்தார். பிறகு, "யாரும் எதையும் திருடலைடா" என்றார். அண்டாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"உன் மூஞ்சைப் பாத்து சொன்னாரா?"

"இல்லப்பா."

ம் என்றார். அப்போதும் அந்தக் கவர் அவர் பக்கத்தில்தான் இருந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஓர் ஆணியைத் தேடி எடுத்து, கதவு நிலைக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் அடித்து, கவரை அதில் மாட்டினார். இன்றும் அங்கேதான் தொங்குகிறது.